'வறுமையின் நிறம் சிவப்பு': கடைசிக் காட்சியை எப்படிப் படிப்பது?

வேலை, உழைப்பு, இளைஞர் எதிர்நோக்கும் சவால்கள். இதில் எது கட்டுரைத் தலைப்பாக வந்தாலும் ஒரு பத்தி மட்டும் சில தாள்களில் மாறாமல் வரும். கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் பட்டதாரி நாயகன் வேலை கிடைக்காமல் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். ஆகவே எந்தத் தொழிலும் இழிவன்று. அவ்வளவுதான். இதை எழுதும் படிவம் ஐந்து மாணவர்களில் பலர் படத்தைப் பார்த்ததே இல்லை. அண்ணனின் நோட்டிலிருந்து தங்கைக்கு, டியூஷன் குறிப்பிலிருந்து பள்ளிக் குறிப்புக்கு என்று கைமாறி வந்த எடுத்துக்காட்டு அது. வாக்கியத்தில் பிழையில்லை. புள்ளியும் கிடைக்கும். ஆனால் நடுவில் ஒரு 'ஆகவே' இருக்கே, அதுதான் எனக்கு இடிக்கிறது. படம் அதைத்தான் சொல்கிறதா? அப்படியே சொன்னாலும் நாம் அதை ஏற்க வேண்டுமா?

முதலில் படத்தைப் பற்றி, பார்க்காதவர்களுக்காக. 1980 நவம்பர் 6, தீபாவளிக்கு வெளிவந்தது. தத்துவம் படித்த ரங்கன் (கமல்ஹாசன்) தில்லியில் வேலை தேடுகிறான். கூடத் தங்கியிருக்கும் நண்பர்களுக்கும் வேலை இல்லை. தேவி (ஸ்ரீதேவி) நாடகத்தில் நடித்துக் குடும்பத்தைத் தாங்குகிறவள். ரங்கனின் அப்பா (பூர்ணம் விஸ்வநாதன்) ஓர் இசைக் கலைஞர். மகன் போன பாதை அவருக்குப் பிடிக்கவில்லை. கதை தெலுங்கில் 'ஆகலி ராஜ்யம்' என்றும் பிறகு இந்தியில் 'ஜரா சி ஜிந்தகி' என்றும் வந்தது. மூன்று மொழியில் ஓடக்கூடிய அளவுக்கு அந்தக் காலத்து இந்தியாவில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை என்று பொருள். பட்டம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் பெரிய நகரத்துக்கு வந்து, அங்கே யாருக்கும் தேவைப்படாமல் போன ஒருவன்.

அதே தீபாவளி நாளில் பாரதிராஜாவின் 'நிழல்கள்' படமும் வெளிவந்தது. அதுவும் வேலையில்லாத படித்த இளைஞர்களின் கதைதான். அங்கே ஆறுதல் கிடையாது, முடிவு சோகம். அது ஓடவில்லை, இது ஓடியது. இரண்டுக்கும் நடிகர், இசை என்று வேறு பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் ஒரே நாளில் ஒரே கேள்வியோடு வந்த இரண்டு படங்களில் நம் ஆள்கள் எதைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகும் கட்டுரையில் எழுதுகிறார்கள் என்பதைக் கவனிக்கலாம்.

படத்தின் உண்மையான பலம் கடைசிக் காட்சியில் இல்லை. அந்தச் சாப்பாட்டுக் காட்சியில் இருக்கிறது. வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தேவி வருகிறாள். பசியில் கிடக்கும் பையன்கள் அவள் காதில் விழும்படி, விருந்து சாப்பிடுவதுபோல் நடிக்கிறார்கள். தட்டு ஓசை, பரிமாறும் பேச்சு, எல்லாம் உண்டு. தட்டில் மட்டும் எதுவும் இல்லை. சிரிப்பாகத் தொடங்கி, அவளுக்கு உண்மை தெரியும்போது தொண்டை அடைக்கும். படித்தவனின் வறுமைக்கும் மற்ற வறுமைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். இவனுக்குப் பசியோடு இன்னொரு வேலையும் இருக்கிறது, பசியை மறைக்கிற வேலை. படிக்காத ஏழை கை நீட்டலாம். பட்டம் வாங்கியவன் நீட்ட முடியாது. அந்தப் பட்டம் அவன் கையைப் பிடித்து இழுக்கிறது.

நேர்முகத் தேர்வு காட்சிகளும் அப்படித்தான். ரங்கன் கோபக்காரன். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பணிந்து பேசத் தெரியாதவன். அந்தக் கோபத்தை வெறும் வாய்த்துடுக்கு என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னிடம் என்ன தெரியும் என்று யாருமே கேட்காத ஓர் அறையில் ஒருவனுக்கு வரும் கோபம் அது.

'தெரியும்' என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தில் புகழ்பெற்ற ஒரு பாட்டுக் காட்சி உண்டு. தேவி மெட்டை மட்டும் தந்தனக் குரலில் பாடுகிறாள். ரங்கன் அந்தக் கணமே அதற்குச் சொல் போடுகிறான். எழுதியவர் கண்ணதாசன், இசை எம்.எஸ். விஸ்வநாதன் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கதைக்குள் இருந்து பாருங்கள்: சந்தம் சொன்னவுடன் யாப்புப் பிசகாமல் வரி கட்டக்கூடிய ஒருவன் அங்கே நிற்கிறான்! பாரதியை மனப்பாடமாக வைத்திருப்பவன். செய்யுளும் மொழியணியும் நடத்துகிற எனக்கு அந்தத் திறமையின் விலை தெரியும். படத்தில் அது காதலுக்குப் பயன்படுகிறது. பிழைப்புக்கு என்று யாரும், அவன்கூட, நினைத்துப் பார்ப்பதில்லை. இயக்குநர் இதை வேண்டுமென்றே செய்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. வேண்டுமென்றே செய்திருந்தால் படத்திலேயே கொடுமையான காட்சி இதுதான்.

இனி முடிவுக்கு வருவோம். ரங்கன் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்கிறான். அந்தக் கடைக்கே ஒரு நாள் அப்பா வாடிக்கையாளராக வருகிறார். மகனைப் பார்த்து அதிர்கிறார். நேர்மையாக உழைக்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் ரங்கன் பேசுகிறான். நல்ல வசனம், நல்ல நடிப்பு. அரங்கில் கைத்தட்டல் வாங்கியிருக்கும். கட்டுரையில் வரும் 'ஆகவே' பிறந்த இடமும் இதுதான்.

இந்தக் காட்சியோடு எனக்கு இரண்டு வழக்கு.

ஒன்று, கேள்வி மாறிவிடுகிறது. இரண்டு மணி நேரமாகப் படம் கேட்ட கேள்வி, 'படித்தவனுக்கு ஏன் இந்த நாட்டில் இடமில்லை?' கடைசிப் பத்து நிமிடத்தில் அது, 'படித்தவனுக்குக் கௌரவத்தை விடும் துணிச்சல் இருக்கிறதா?' என்று ஆகிவிடுகிறது. முதல் கேள்விக்கு அரசும் கம்பெனிகளும் கல்வி முறையும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு ரங்கன் மட்டும் பதில் சொன்னால் போதும். அவனும் சொல்லிவிட்டான், நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நேர்முகத் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தவரைப் பிறகு யாரும் தேடுவதில்லை.

மற்றது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனால் வகுப்பில் பேசித்தான் ஆக வேண்டும். ரங்கன் ஏன் தட்டச்சராகவோ பேருந்து நடத்துநராகவோ ஆகவில்லை? ஏன் முடிதிருத்துநர்? ஏனென்றால் பார்ப்பவர் பதறுவார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை கையில் கத்திரிக்கோல் என்றதும் 1980-இல் ஒரு தமிழ்ப் பார்வையாளருக்கு ஏற்படும் அதிர்ச்சி சாதியிலிருந்து வருவது. அந்த அதிர்ச்சி இல்லையென்றால் அந்தக் காட்சியே இல்லை. தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்ல வந்த படம், இந்தத் தொழில்தான் ஆகக் கீழே இருப்பது என்ற நம்பிக்கையைப் பார்வையாளரிடமிருந்து கடன் வாங்கித்தான் அதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரே உண்டு. கத்தி பிடித்த கை ஒரு காலத்தில் கட்டியை அறுத்து மருந்தும் வைத்தது. படத்தில் அந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்பவரின் குரல் எங்கே? ரங்கன் அதை எப்போது கற்றான்? தத்துவம் படிக்க ஆண்டுக்கணக்கு. முடிவெட்டக் கற்க இரண்டு காட்சிக்கு நடுவே உள்ள இடைவெளி போதுமா?

இதை மலேசியாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு தனிச் சிரிப்பு வரும். நம் அரசு முடிதிருத்தும் கடை, ஜவுளிக் கடை, பொற்கொல்லர் தொழில் ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2009-இல் நிறுத்தியது. கடைக்காரர்கள் எத்தனை ஆண்டு கோரிக்கை வைத்தார்கள் என்று தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் தொழில் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. 2023-இல்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு வழி திறந்தது. திறமையான கை வேண்டும் என்று ஒரு நாடே பதினான்கு ஆண்டு வாதாடிய தொழிலை, பாலசந்தரின் நாயகன் வேறு வழியில்லாமல் போய்ச் சேரும் கடைசிப் படியாக வைத்திருக்கிறார். படிவம் ஐந்தில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான், "அப்போ டீச்சர், ரங்கனுக்கு இங்க பெர்மிட் கிடைச்சிருக்குமா?" நல்ல கேள்வி.

கிடைத்திருக்கும். ஆனால் என்னவாக? இங்கேதான் படத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வர வேண்டும்.

தஞ்சோங் மாலிமில் நான் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்தில் ஒரு தம்பி தே தாரிக் ஆற்றுவார். தமிழ்நாட்டுக்காரர். ஒரு நாள் மாணவி ஒருத்தி மேசையில் விரித்து வைத்திருந்த இயற்பியல் கணக்கை எட்டிப் பார்த்து, "விசையோட திசைய மாத்திப் போட்டுட்டம்மா" என்றார். கேட்டால், டிப்ளமா மெக்கானிக்கல். "சர்டிபிகேட் ஊர்ல அம்மாகிட்ட இருக்குங்க டீச்சர். இங்க யாரும் கேக்கல." அந்தக் கடையிலிருந்து சில மைல் தூரத்தில் புரோட்டோன் சிட்டி. 2003-இலிருந்து கார் செய்யும் தொழிற்சாலை இருக்கும் ஊரில் இயந்திரவியல் படித்த ஒருவர் தே தாரிக் ஆற்றுகிறார். இதில் அந்தத் தொழிற்சாலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் கதவை அவர் தட்டவே முடியாது. தற்காலிக வேலை பெர்மிட் ஒரு துறைக்கும் ஒரு முதலாளிக்கும் கட்டப்பட்டது. உணவகம் என்றால் உணவகம்தான். நிபுணர்களுக்கு வேறு வகை அனுமதி உண்டு. அதற்குச் சம்பள வரம்பு உண்டு, கூப்பிட ஒரு கம்பெனி வேண்டும். ஒரே ஆள், ஒரே விமானம். எந்தத் தாளில் பெயர் எழுதப்பட்டதோ அதுதான் இங்கே அவருடைய படிப்பு.

இது புதிதும் அல்ல. நம் பாட்டன்மார் காலத்திலேயே உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் மலாயா ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலையில் சேர்ந்தார்கள். கங்காணி கூட்டி வந்தவர்களிடம் உனக்கு என்ன தொழில் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பால்வெட்டுக்கு இரண்டு கை இருந்தால் போதும். தச்சு தெரிந்தவர், தறி தெரிந்தவர், மேளம் தெரிந்தவர் எல்லாரும் தோட்டக் கணக்கில் வெறும் தலைகள். ஔவையின் பெயரால் வழங்கும் கொன்றைவேந்தன் கடல் கடந்தும் பொருள் தேடச் சொல்கிறது. தேடப் போனவனிடம் அந்தக் கரையில் என்ன கேட்பார்கள் என்று அது சொல்லவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

ரங்கனின் முடிவு ஏன் போதாது என்பதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு கனடாவில் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் டொராண்டோ பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பொறியாளர், கணக்காளர், ஆசிரியர், மருத்துவர் எல்லாரும் உண்டு. கிடைத்தது தொழிற்சாலை வேலை, துப்புரவு, டாக்சி, பெட்ரோல் நிலையம். யாரும் கௌரவம் பார்க்கவில்லை. ஊரில் குடும்பம் காத்திருக்கும்போது எங்கே பார்ப்பது? ரங்கன் படத்தின் முடிவில் வந்து சேரும் இடத்துக்கு அவர்கள் விமானம் இறங்கிய வாரமே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் கதை தொடங்குகிறது. படித்த வேலைக்கு மனுப் போட்டால் வந்த கேள்வி, 'கனடாவில் வேலை செய்த அனுபவம் உண்டா?' வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்!

அந்தக் கேள்வியைத் தனி மனிதனின் அடக்கமோ துணிச்சலோ அசைக்கவில்லை. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் ஒரு கொள்கை வெளியிட்டது: கனடா அனுபவம் கட்டாயம் என்று கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு, கேட்பவர்தான் அது ஏன் தேவை என்று நிரூபிக்க வேண்டும். 2021-இல் அந்த மாநிலம் சட்டமே கொண்டுவந்து, பொறியியல் போன்ற உரிமம் தேவைப்படும் பல தொழில்களில் அந்த நிபந்தனையைத் தடை செய்தது. மருத்துவத் துறை அதில் சேரவில்லை, ஆக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நான் பார்ப்பது திசையை. பதில் சொல்லும் பொறுப்பு டாக்சி ஓட்டுபவரிடமிருந்து நகர்ந்து, நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் போனது. பாலசந்தர் படத்தில் நடக்காதது அதுதான்.

நம் மாணவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. மலேசியப் புள்ளிவிவரத் துறை உயர்கல்வி பெற்றும் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்களைத் தனியாகக் கணக்கெடுக்கிறது. அண்மைய ஆண்டுகளில் வேலையில் இருக்கும் உயர்கல்வி பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது அந்தக் கணக்கு. இவர்கள் பெரும்பாலும் எல்லை தாண்டியவர்கள்கூட இல்லை, சொந்த நாட்டில் ரங்கன்கள். 2005-இல் கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை அரசு விலக்கிக்கொள்ள முடிவெடுத்தபோது எத்தனை இந்தியப் பெற்றோர் தூக்கம் இழந்தார்கள் என்று நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். சான்றிதழ் ஒரு தாள். இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் வரைதான் அது படிப்பு.

சரி, எதிர்வாதத்துக்கும் இடம் கொடுப்போம். என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து சொன்னாள், "டீச்சர், எங்க மாமா டிகிரி முடிச்சிட்டு சிங்கப்பூர்ல ஃபேக்டரில இருக்காரு. அவருக்கு அது இறக்கம் இல்ல. இங்க ஆபீஸ்ல வாங்குறத விட அங்க அதிகம். அவரே போனாரு." உண்மைதான். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டைத் தாண்டும்போது 'தகுதிக்குக் குறைந்த வேலை' என்பதற்கே வேறு பொருள் வந்துவிடுகிறது. தே தாரிக் ஆற்றும் தம்பியும் அழுதுகொண்டு நிற்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஆகவே இவர்களைப் பரிதாபமாக மட்டும் எழுதுவதும் தப்பு. ஆனால் மாமாவுக்கு ஒரு கணக்கு இருந்தது, ஒப்பிட இரண்டு இடம் இருந்தது, பிடிக்காவிட்டால் பேருந்து ஏறி ஜோகூர் திரும்பலாம். பெர்மிட்டில் கட்டுண்டவருக்கு அது இல்லை. ரங்கனுக்கும் இல்லை. 'விரும்பி ஏற்றான்' என்று எழுதுவதற்கு முன் மறுக்க வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். அந்த மாணவிக்கு நான் அவள் கட்டுரையில் எழுதிக் கொடுத்த ஒரே குறிப்பு இதுதான்.

இவ்வளவு சொன்னாலும் படத்தை நான் ஒதுக்கவில்லை. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பேசிய தமிழ்ப் படங்களில் பசியை இவ்வளவு நேராகக் காட்டியது குறைவு. 1981-இல் வந்த 'பாலைவனச்சோலை'யிலும் வேலையில்லாத நண்பர் கூட்டம் உண்டு. அங்கே நட்பும் காதலும் முன்னுக்கு வந்து வேலைப் பிரச்சினை பின்னணிக்குப் போய்விடும். பாலசந்தர் கடைசிப் பத்து நிமிடம் வரை கேள்வியை விடவில்லை. அதனால்தான் அந்தப் பத்து நிமிடம் எனக்கு உறுத்துகிறது. சாதாரணப் படமாக இருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படத்தை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம், தடையில்லை. 'ஆகவே' போட்டு முடிக்காமல் 'ஆனால்' போட்டு இன்னும் இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக: ரங்கனின் நேர்மை பாராட்டுக்குரியது; ஆனால் அவன் கற்ற கல்வி சமுதாயத்துக்குப் பயன்படாமல் போன இழப்பை அவனுடைய நேர்மையால் ஈடுகட்ட முடியாது. விவாதக் கட்டுரையில் இப்படி ஒரு திருப்பம் இருந்தால், நூறு தாள் திருத்திக் களைத்த கண் அங்கே ஒரு கணம் நிற்கும்.

ஆசிரியர்களுக்கு: முழுப் படமும் போட நேரம் கிடைக்காது. சாப்பாட்டுக் காட்சி, ஒரு நேர்முகத் தேர்வு, மெட்டுக்குச் சொல் போடும் பாட்டு, கடைசியில் அப்பா கடைக்கு வரும் இடம். இந்த நான்கும் இரண்டு பாட வேளையில் அடங்கும். பாட்டைக் கட்டாயம் போடுங்கள், பையன்கள் சிரித்தாலும் பரவாயில்லை. கடைசிக் காட்சியை நடுவில் நிறுத்திவிட்டு, அந்தக் கடையின் முதலாளி என்ன நினைத்திருப்பார் என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் வந்த பதில்களில் ஒன்று: "தத்துவம் படிச்சவன்னு சொல்றான். பரவாயில்ல. ஆனா இன்னும் மெஷின நேராப் பிடிக்கத் தெரியல."